மடமா, ஊரா, ஆயர் வீடா? வளைகுடா மணலில் ஒரு தொல்லியல் சிக்கல்

1992-இல் அபுதாபி தீவுகளின் தொல்லியல் ஆய்வுக்குழு சர் பனி யாஸ் தீவை நடந்து அலசியபோது, கிழக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்த சுவர்த் தடங்களும் சிதறிய பானை ஓடுகளும் கண்ணில் பட்டன. ஓடுகள் பழையவை என்பது தெரிந்தது. கட்டடம் என்ன என்பது தெரியவில்லை. 1994-இல் சுதைத் துண்டுகளை, அதாவது சுவரில் பூசிய சாந்து அலங்காரத்தின் துண்டுகளை, மணலிலிருந்து பிரித்தெடுத்தபோது அவற்றில் சிலுவை இருந்தது. அதற்குப் பிறகுதான் ஜெஃப்ரி கிங் தலைமையிலான அந்தக் குழுவால் தேவாலயம், மடம் என்ற சொற்களைத் துணிந்து எழுத முடிந்தது. கையில் கிடைத்த இடிபாட்டுக்குப் பெயர் வைக்க இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்தத் துறையில் இது தாமதமே இல்லை.

வளைகுடாவில் இப்படி அடையாளம் காணப்பட்ட இடங்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்காது, ஆனால் நிறையவும் இல்லை. ஈரானின் கார்க் தீவு, குவைத்தின் ஃபைலக்கா தீவில் அல்-குசூர், சவூதியில் ஜுபைல், சர் பனி யாஸ், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைனில் சினியா தீவு, 2024-இல் அறிவிக்கப்பட்ட பஹ்ரைனின் சமாஹீஜ். எல்லாமே கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவை. சுரியானி மொழியில் வழிபட்டு, இஸ்லாமுக்கு முந்தைய பாரசீகத்தின் சாசானியப் பேரரசின் நிழலில் வளர்ந்த சபை அது. இவற்றுக்குப் பொதுவான ஒரு தலைவலியும் உண்டு. 'கிறிஸ்தவ மடம்' என்று செய்தித்தாள் ஒரே சொல்லாக எழுதுவதைத் தொல்லியலில் மூன்று தனிக் கேள்விகளாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இங்கே இருந்தவர்கள் கிறிஸ்தவர்களா? இந்தக் கட்டடம் வழிபாட்டிடமா? சுற்றி வாழ்ந்தவர்கள் துறவிகளா, குடும்பஸ்தர்களா? முதல் கேள்விக்கு ஒரு சுதைச் சிலுவை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குக் கிழக்குச் சுவர் பதில் சொல்லும். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தனியொரு பொருள் எதுவும் கிடையாது. பல அறிவிப்புகள் சறுக்குவது இங்கேதான்.

வேலை மேசையில் தொடங்குகிறது. சபைச் சங்கங்களின், அதாவது ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய பேரவைகளின், குறிப்புகளிலும் தலைமை ஆயர்களின் கடிதங்களிலும் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. 410-ஆம் ஆண்டுச் சங்கத்திலேயே மெஷ்மாஹிக் என்ற தீவின் ஆயர் பேசப்படுகிறார். இன்றைய சமாஹீஜ் என்ற பெயர் அதன் எச்சம். 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் சபைத் தலைவர் மூன்றாம் ஈஷோயாப், பேத் கத்ராயே எனப்பட்ட வளைகுடாவின் தென்கரைப் பகுதியின் ஆயர்களோடும் அங்குள்ள துறவிகளோடும் நடத்திய கடிதச் சண்டை அப்படியே கிடைக்கிறது. 676-இல் தாரீன் தீவில் ஒரு சங்கமே கூடியிருக்கிறது. ஆக, துறவிகள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. எந்த மேட்டின் அடியில் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி இடத்தை முடிவு செய்வது ஆபத்து. ஊர்ப்பெயர்கள் மனிதர்களோடு இடம் பெயரும், தீவுகளுக்கிடையில் குடியேற்றம் மாறிக்கொண்டே இருந்த வளைகுடாவில் இன்னும் எளிதாக.

அடுத்தது பழைய வான்படங்கள். 1960-களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995-இல் பொதுப் பார்வைக்கு விடப்பட்டன. பிந்தைய கேமராக்களின் துல்லியம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறை அதில் தெரியாது. நாற்பது மீட்டர் மதில் சுற்று தெரியலாம், மேடு தெரியலாம். அதைவிட முக்கியம், எண்ணெய்ப் பணத்தில் புல்டோசர் இறங்குவதற்கு முன்பிருந்த தரையை அவை காட்டுகின்றன. இன்று ஒரு கோட்டைத் தடம் போலத் தெரிவது 1970-களில் ஒப்பந்ததாரர் சரளை குவித்த இடமா என்று சரிபார்க்க வேறு வழி கிடையாது.

இப்போது ட்ரோன் வந்துவிட்டது. பறக்க விடுவதற்கு முன் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாலும் மிக நீளமான கட்டம். படங்கள் ஒன்றோடொன்று முன்பின்னாக 80 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் மேற்படிய வேண்டும். தரையில் ஐந்தாறு குறியீட்டுப் பலகைகளை நட்டு, அவற்றின் இடத்தைத் துல்லிய ஜிபிஎஸ் கொண்டு அளந்துவிட வேண்டும். பலகை வைக்காமல் பறந்தால் படம் அழகாக வரும், ஆனால் நில உருவத்தின் ஓரங்கள் கிண்ணம் போல வளைந்துவிடும். பத்து சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைத் தேடுகிற வேலையில் அந்த வளைவு போதும், இல்லாத மதிலை உண்டாக்க. நேரம் அதிகாலை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கையளவு மேடும் நிழல் விழுத்தும். நண்பகலில் எடுத்த படத்தில் மணல் வெள்ளைத் துணியாகத்தான் தெரியும். எகிப்தின் கெல்லியாவில், 1964-இல் அந்துவான் கியோமோன் அடையாளம் கண்ட துறவிகளின் பாலைக் குடியிருப்பில், ஏறத்தாழ 1,500 துறவிக் குடில்களின் மேடுகள் பரந்து கிடந்தன. தாழ்வெயிலில் நின்று பார்த்தால் இன்னது குடில் என்று வெறுங்கண்ணுக்கே தெரிகிற மேடுகள் அவை. வளைகுடா அவ்வளவு தாராளமாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

பிறகு நடை. ஐந்து பேர் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று ஒரே திசையில் நடந்தால், ஐம்பது மீட்டர் அகலப் பட்டை ஒன்று கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஐந்து ஹெக்டேர். ஆனால் ஒவ்வொருவரும் உண்மையில் பார்ப்பது தமக்கு இருபுறமும் ஒரு மீட்டர்தான், அதாவது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 'முழுமையாக ஆய்வு செய்யப்பட்டது' என்று அறிக்கை சொன்னால் இந்தக் கணக்கை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். முதல் சுற்றில் எதையும் எடுக்காமல் கையிலுள்ள எண்ணியில் ஓடுகளை எண்ணிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை சட்டென்று உயரும் இடத்தில் கொடி நட்டு, இரண்டாம் சுற்றில் ஐந்து மீட்டர் கட்டங்கள் போட்டு, தேர்ந்தெடுத்த கட்டங்களில் மட்டும் எல்லாவற்றையும் பொறுக்குவார்கள். விளிம்பு, அடி, கைப்பிடி, பூச்சுள்ள ஓடு ஆகியவை காலம் சொல்லும். வயிற்றுப் பகுதி ஓடுகள் பெரும்பாலும் சொல்லா. அவற்றையும் எண்ணி எடைபோட வேண்டும். டார்பிடோ ஜாடி என்று அழைக்கப்படும் கூர் அடி கொண்ட நீள ஜாடி ஒன்று உடைந்தால் நூறு துண்டாகும். எண்ணிக்கை மட்டும் வைத்திருந்தால் ஒரே ஜாடி ஒரு கிடங்காக மாறிவிடும்.

ஒரு சின்ன விஷயம். பைகளின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் வளைகுடா வெயிலில் சில வாரங்களிலேயே வெளிறிவிடும். நீர் புகாத சீட்டில் பென்சிலால் எழுதி பைக்குள் ஒன்றும், கட்டிய வாயில் ஒன்றும் போட வேண்டும். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடு.

தேடுகிற ஓடுகள் எவை? நீலப்பச்சைக் காரப் பூச்சுள்ள மெசொப்பொத்தேமியப் பானைகள், உட்புறம் கருப்பாக நிலக்கீல் பூசிய டார்பிடோ ஜாடிகள், இந்தியாவிலிருந்து போன சிவப்பு மெருகுப் பாண்டங்கள். கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் நீலப்பச்சை ஓடும் டார்பிடோ ஜாடியும் கிடைத்திருக்கின்றன. ஒரே கப்பல் வழியின் இரு முனைகள். ஆனால் இவை 5-ஆம் நூற்றாண்டிலும் புழங்கின, 8-இலும் புழங்கின. அதனால் காலத்தைக் குறுக்க உதவுவது இல்லாத ஓடு. ஈராக்கின் சமாரா நகரம் 836 முதல் 892 வரை தலைநகராக இருந்த காலத்தில், சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்த வெள்ளைப் பூச்சுப் பாண்டங்கள் வளைகுடா எங்கும் பரவின. அந்த வெள்ளைப் பூச்சு ஒரு துண்டுகூட இல்லாத இடம் 9-ஆம் நூற்றாண்டு உச்சத்துக்கு வருவதற்குள் கைவிடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சுவர்த் தடம் தெரிந்தவுடன் எல்லோரும் செய்வது திசைகாட்டியை வெளியே எடுப்பது. தேவாலயம் கிழக்கு நோக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வளைகுடாவில் இந்தப் பாடம் ஒரு பொறி. சர் பனி யாஸிலிருந்து மெக்காவின் திசை ஏறத்தாழ 259 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து தெற்கே பதினொரு பாகைதான் விலகல். கிழக்கு மேற்கு அச்சில் ஒரு சிறு கட்டடம் கிடந்தால் அது தேவாலயமாகவும் இருக்கலாம், பள்ளிவாசலாகவும் இருக்கலாம். தேவாலயங்களும் நேர் கிழக்கைத் துல்லியமாகப் பிடித்தவை அல்ல. அந்த அட்சரேகையில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் புள்ளி சுமார் 64 பாகையிலிருந்து 116 வரை ஆடும். பத்துப் பாகை பிசகு எதையும் நிரூபிக்காது. இதே கட்டடம் குவைத்தின் ஃபைலக்காவில் இருந்தால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். அங்கிருந்து மெக்கா தென்மேற்கில், சுமார் 226 பாகையில் இருக்கிறது. கிழக்கு மேற்கு அச்சு அங்கே உண்மையிலேயே ஏதோ சொல்கிறது.

திசை ஏமாற்றும்போது உருவத்தைப் பார்க்க வேண்டும். வளைகுடாவின் சிறு பள்ளிவாசல் கிப்லாச் சுவர், அதாவது மெக்காவை நோக்கிய சுவர், நீளமாகவும் கூடம் ஆழம் குறைவாகவும் இருக்கும், அகலக் கூடம். மேற்குச் சுவரின் நடுவில், தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் வெளியே புடைத்திருக்கலாம். முற்றம் கிழக்கே. தேவாலயம் இதற்கு நேர்மாறு. அச்சின் வழியே நீண்ட கூடம், மேற்கில் முன்மண்டபம், கிழக்கு முனையில் குறுக்குச் சுவர்களால் பிரிந்த மூன்று அறைகள், நடு அறையில் பலிபீடம். ரோமானியத் தேவாலயங்களில் போல வெளியே புடைத்த அரைவட்டத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கிழக்குத் திருச்சபையில் கிழக்குச் சுவர் பெரும்பாலும் வெளிப்பக்கம் நேராக இருக்கும். அரைவட்டம் இல்லை என்பதற்காக ஒதுக்கிவைத்த இடிபாட்டை மறுபடி பார்க்கத் தூண்டுவது அந்த மூன்று அறைகள்தான்.

கல்லறைகளும் உதவும், எச்சரிக்கையோடு. முஸ்லிம் கல்லறையின் நீளவாட்டம் கிப்லாவுக்குச் செங்குத்து, ஆகவே அபுதாபியில் ஏறத்தாழ வடக்கு தெற்கு. கிறிஸ்தவக் கல்லறை தலை மேற்கே, கால் கிழக்கே. மேற்பரப்புக் கல் வரிசையைப் படம் பிடித்து அளந்தாலே இது தெரிந்துவிடும், தோண்டத் தேவையில்லை. ஊரார் இன்னமும் மதிக்கிற அடக்கத்தலத்தில் தோண்டவும் கூடாது. சமாஹீஜில் அந்தக் கட்டடம் கிடைத்ததே ஊர் அடக்கத்தலத்தில், பழைய பள்ளிவாசல் ஒன்றின் அடியில். அங்கே 2019-இல் தொடங்கிய அகழாய்வு பஹ்ரைன் தொல்லியல் துறையும் பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. தோண்டிய பரப்பின் எல்லையைத் தீர்மானித்தவை கல்லறைகள்.

மண்ணுக்கடியில் கருவி கொண்டு பார்ப்பதைப் பற்றி ஒரு மாயை இருக்கிறது, ஏதோ எக்ஸ்ரே எடுப்பது போல. இங்கே எந்தக் கருவி எதற்குத் தோற்கும் என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. காந்தமானி சுட்ட பொருளை நன்றாகக் காட்டும்: அடுப்பு, தந்தூர், சூளை, குப்பைக் குழி. கடற்கரைச் சுண்ணப் பாறையில் கட்டிய சுவரைச் சுண்ண மணலுக்குள் தேடச் சொன்னால் இரண்டுக்கும் காந்த வேறுபாடு இல்லாததால் படம் சாம்பல் நிறமாகவே வரும். பக்கத்தில் நிறுத்திய ஜீப்பும் பழைய வேலிக்கம்பியும்தான் பளிச்சென்று தெரியும். மின்தடை அளவி உலர்ந்த மணலில் மின்முனைக்குப் பிடிப்பு கிடைக்காமல் திணறும். ரேடார் உலர்ந்த மணலில் அருமையாக வேலை செய்யும். 400 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவை அரை மீட்டர் இடைவெளியில் இழுத்தால் ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழம்வரை சுவர் தெரியும். ஆனால் உப்பு நீர் மேலேறிய சப்கா நிலத்தில் சமிக்ஞை ஒரு சாண் இறங்குவதற்குள் செத்துவிடும். தீவுக் கரையில் இந்த இரண்டு மண்ணும் இருபது மீட்டர் இடைவெளியில் மாறும். ஒரே வரைபடத்தில் பாதி 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அது கட்டடம் இல்லாததாலா, உப்பாலா என்று முதலில் கேட்க வேண்டும்.

தேவாலயம் போலத் தோன்றி ஏமாற்றும் மற்றவை உண்டு. பேரீச்சம்பாகு வடிக்கும் மத்பஸா அறையின் தரையில் சாந்தால் வரிவரியாகக் கால்வாய் போட்டு ஒரு மூலையில் ஜாடிக்குள் இறக்கியிருப்பார்கள். மேல் பகுதி மட்டும் தெரிந்தால் ஏதோ சடங்குத் தொட்டி போல இருக்கும். வரிசையாகச் சிற்றறைகள் கிடந்தால் துறவிகளின் அறைகள் என்று எழுதத் தோன்றும். சந்தைக் கடைகளும் வணிகர் சத்திரமும் முத்துக்குளிப்போரின் பருவ முகாமும் அப்படியேதான் கிடக்கும்.

அதனால் சோதனைக் குழி. ஒன்றுக்கு ஒன்று மீட்டர் குழி மணலில் நிற்காது, ஓரம் சரிந்து அடுக்குகளைக் கலந்துவிடும். இரண்டுக்கு இரண்டு மீட்டரில், சுவர்மூலை உள்ளே வருமாறு வைப்பது நல்லது. தரை சுவரோடு சேரும் கோடுதான் முக்கியம். தரைக்கு அடியில் கிடைப்பது கட்டுவதற்கு முந்தையது, தரைமேல் கிடைப்பது புழங்கிய காலத்தது, இடிபாட்டுக்கு மேல் கிடைப்பது கைவிட்ட பிறகு வந்தது. இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டால் கட்டடத்தின் காலம் குழம்பிவிடும். மண்ணை ஐந்து மில்லிமீட்டர் சல்லடையிலும், தரைமேல் மண்ணை இரண்டு மில்லிமீட்டரிலும் சலிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் இருபது முதல் நாற்பது லிட்டர் மண் தண்ணீரில் மிதக்கவிடுவதற்கு. பேரீச்சங்கொட்டைக் கரி அதில்தான் மேலே வரும்.

அந்தக் கொட்டையை ஏன் இப்படித் துரத்துகிறார்கள்? கரிமக் காலக்கணிப்புக்கு. கடற்சிப்பியை அனுப்பினால் கடல்நீரிலுள்ள பழைய கரிமம் கலந்து, உண்மையைவிட ஏறத்தாழ நானூறு ஆண்டு மூத்த விடை வரும், அதோடு உள்ளூர்த் திருத்தம் வேறு. மரக்கரியிலும் வம்பு உண்டு. மரமில்லாத தீவில் கப்பலில் வந்த உத்தரத்தைப் பிரித்து, மறுபடி பயன்படுத்தி, கடைசியில் அடுப்பெரித்திருப்பார்கள். விடை மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், அடுப்பெரிந்த காலத்தைச் சொல்லாது. கொட்டையோ, தானியமோ, சுள்ளியோ குறுகிய காலத்தில் விளைந்தவை. சினியா தீவு மடத்துக்கு அறிவித்த கணிப்பு 534-க்கும் 656-க்கும் இடைப்பட்டது. அந்த நூற்றிருபது ஆண்டு அகலமே இந்த முறையின் நேர்மையான அளவு. இஸ்லாம் தோன்றியதும் அரேபியாவில் பரவியதும் அந்த இடைவெளிக்குள்தான் என்பதால் 'முன்பா பின்பா' என்ற கேள்வியைக் கரிமம் மட்டும் தீர்க்காது.

இந்த முன்பு பின்பு விவகாரத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்க்கை அகழ்ந்த தொல்லியலாளர் கிர்ஷ்மனும், அவருக்குப் பின் வந்த பலரும், இத்தகைய மடங்கள் சாசானியர் காலத்தவை, 5-ஆம் அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு ஊகம். அரபு வெற்றிக்குப் பின் யார் மடம் கட்டியிருப்பார்கள் என்ற ஊகம். 2008-இல் தொல்லியலாளர் ராபர்ட் கார்ட்டர் சர் பனி யாஸின் ஓடுகளை மறுபடி மேசையில் பரப்பி, அவை பெரும்பாலும் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 8-ஐயும் சேர்ந்தவை என்று காட்டினார். அதாவது மடம் செழித்தது இஸ்லாமிய ஆட்சியில். ஈஷோயாப்பின் கடிதங்களும் தாரீன் சங்கமும் அதே காலத்தவை என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் ஓடுகளுக்கு எதிர்பார்ப்பின்படி காலம் ஒட்டப்பட்டிருந்தது. எரிந்த அடுக்கோ தாக்குதல் தடமோ சர் பனி யாஸிலும் சினியாவிலும் இல்லை. ஆட்கள் மெல்லக் குறைந்து, விட்டுப் போயிருக்கிறார்கள்.

சுதைக்கு வருவோம். இந்தக் கட்டடங்கள் ஃபரூஷ் எனப்படும் கடற்கரைப் பாறைப் பலகைகளாலும் பவளக்கல்லாலும் எழுந்து, மேலே வெள்ளைச் சாந்து பூசியவை. அலங்காரம் எல்லாம் அந்தச் சாந்தில்தான்: விரிந்த கைகளும் நுனியில் முத்துப் போன்ற உருண்டைகளும் கொண்ட சிலுவை, சுற்றி வளைவு மாடம், அடியில் படிகளோ இலைகளோ. பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த பஹ்லவி என்ற பழம் பாரசீக எழுத்துள்ள சிலுவையைப் பார்த்தவர்களுக்கும், அனுராதபுரத்தில் 1912-இல் கிடைத்த கல் சிலுவையைப் பார்த்தவர்களுக்கும் இந்த உருவம் அந்நியமாகத் தோன்றாது. பாரசீகத்தின் ரேவ் அர்தஷீர் பேராயத்தின் கீழ்தான் அன்று இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதால் அந்த உறவு இயல்பானது. ஆனால் உருவ ஒற்றுமையைக் காலக்கணிப்பாக மாற்றக் கூடாது. அனுராதபுரச் சிலுவையை வைத்து வளைகுடாவுக்குக் காலம் சொல்லி, பிறகு வளைகுடாவை வைத்து அனுராதபுரத்துக்குக் காலம் சொன்னால் இரண்டும் காற்றில் நிற்கும்.

சுதை பெரும்பாலும் முகம் கவிழ்ந்து விழுந்திருக்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது சொரசொரப்பான பின்புறம், அதாவது கட்டட இடிபாடு. மண்வெட்டிக்காரர் குப்பை என்று வாளியில் போட்டுவிடுவார், சிலுவை வாளியோடு போய்விடும். விழுந்த சாந்தின் ஒவ்வொரு துண்டையும் இடத்தில் வைத்தே படமெடுத்து, எண்ணிட்டு, மூங்கில் சீவலால் சுற்றி மண் எடுத்து, பலகையை அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் துடைக்கக் கூடாது. வெயிலில் சட்டென்று உலரவும் விடக் கூடாது, உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்பில் படிகமாகி வண்ணத்தையும் விளிம்பையும் தள்ளிவிடும். நிழலில், மூடிவைத்து, நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். உதிர்கிற துண்டுக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின், மூன்று முதல் ஐந்து சதவீதம். ஈரத் துண்டில் போட்டால் பால் போல வெளுத்துவிடும். நண்பகல் வெயிலில் போட்டால் அசிட்டோன் பறந்து பிசின் மேலேயே தோலாக நின்றுவிடும். அதிகாலை ஆறு மணிக்குச் செய்கிற வேலை இது.

சிலுவை கிடைத்தாயிற்று, கிழக்கு முனையில் மூன்று அறை கிடைத்தாயிற்று. இப்போது அந்த மூன்றாம் கேள்வி. சமாஹீஜ் இதற்கு நல்ல பாடம். எட்டு அறைகள், சுதையில் மூன்று சிலுவைகள், சுவரில் மீனும் கிறிஸ்துவின் பெயர்ச்சுருக்கக் குறியும் கீறியிருக்கின்றன. கிறிஸ்தவர்களின் கட்டடம் என்பதில் சந்தேகமே இல்லை. 4-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து 8-ஆம் நூற்றாண்டு நடுவரை புழங்கியிருக்கிறது. ஆனாலும் அகழ்ந்தவர்கள் அதை மடம் என்று அறுதியிடவில்லை, ஆயரின் இல்லமாகவும் இருக்கலாம் என்றே சொன்னார்கள். அது சரியான நிதானம். அல்-குசூரில் நிலைமை வேறு. நடுவில் தேவாலயம், சுற்றிப் பரந்த வெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி முற்றமுள்ள சிறு வீடுகள். 1989-இல் பிரெஞ்சுக் குழு தேவாலயத்தைக் கண்டதிலிருந்து, இது கிறிஸ்தவக் கிராமமா, தனித்தனிக் குடில்களில் துறவிகள் வாழ்ந்த மடமா என்ற விவாதம் நீண்டது. யூதேயப் பாலைவனத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. குடில்கள் சிதறி, வார இறுதியில் மட்டும் தேவாலயத்தில் கூடும் லாவ்ரா. ஒரே மதிலுக்குள் சேர்ந்து உண்டு உறங்கும் கூட்டு மடம். கார்க்கில் தேவாலயத்தைச் சுற்றி ஏறத்தாழ அறுபது அறைகள் நெருக்கமாக இருந்ததால் அங்கே வாதம் குறைவு.

மடம் என்று சொல்ல எவை சேர வேண்டும்? தேவாலயத்தோடு ஒட்டிய நீண்ட உணவுக்கூடம், ஓரத்தில் உட்காரும் திண்ணை. ஒரு குடும்பத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் தந்தூர்களும் திருகைகளும். மதில், அதில் குறைவான வாசல்கள். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் சிற்றறைகள். சினியாவில் தேவாலயத்தை ஒட்டி, நற்கருணை அப்பம் சுட்டதாகக் கருதப்படும் அடுப்பும், திருமுழுக்குத் தொட்டி இருந்த அறையும், பக்கத்தில் முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள் கொண்ட தனிக் கட்டடமும் கிடைத்தன. இவை சேர்ந்து நிற்பதால் அறிவிப்பில் வலு இருக்கிறது. இவற்றில் எதுவும் தனியாக நிற்காது. திருமுழுக்குத் தொட்டி குழந்தைகள் பிறக்கும் ஊரையும் குறிக்கலாம் அல்லவா? சினியாவிலோ மடத்துக்குப் பக்கத்திலேயே 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த முத்துக்குளிப்பு ஊர் ஒன்றும் இருக்கிறது.

துறவிகள் இறைச்சி உண்ணார் என்பதால் மீன்முள் மிகுந்தால் மடம் என்பாரும் உண்டு. தீவில் எவன் வீட்டுக் குப்பையில் மீன்முள் இருக்காது? டார்பிடோ ஜாடி இருப்பதால் திராட்சரசம், திராட்சரசம் இருப்பதால் திருப்பலி என்று போகும் வாதமும் இப்படித்தான். அந்த ஜாடியில் என்னென்னவோ ஏற்றினார்கள். பெண்களின் அணிகலன் கிடைக்கவில்லை என்பதும் வலுவற்ற சான்று, விட்டுப் போகிறவர்கள் அணிகலனை விட்டா போவார்கள்?

சர் பனி யாஸில் 2025 ஜனவரியில் மறுபடி தோண்டத் தொடங்கினார்கள், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின். தேவாலயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்பே தெரிந்திருந்த முற்ற வீடுகளில் ஒன்றின் அருகே, சாந்துப் பலகையில் வார்த்த சிலுவை கிடைத்தது. 27 சென்டிமீட்டர் நீளம், 17 அகலம், தடிமன் இரண்டு. அந்த வீடுகள் மூத்த துறவிகள் தனித்திருந்து தியானம் செய்த இடங்கள் என்பது அபுதாபி பண்பாட்டுத் துறையின் விளக்கம். பொருந்துகிற விளக்கம்தான். வீடுகளுக்கும் மடத்துக்கும் உள்ள உறவு வெறும் ஊகமாக இருந்தது போய், இப்போது வீட்டுப் பக்கமிருந்தும் ஒரு சான்று வந்திருக்கிறது. சிலுவை தேவாலயத்துக்குள் கிடைத்திருந்தால் இந்த அளவு புதிதாக ஒன்றும் சொல்லியிருக்காது.

தோண்டியது முடிந்ததும் மூட வேண்டும். திறந்து விட்ட சாந்துச் சுவர், உப்பும் காற்றும் பட்டு, சில பருவங்களிலேயே பொடிந்துவிடும். சுவர்மேல் புவித்துணி விரித்து, உப்பில்லாத சுத்த மணலை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தோண்டிய மண். கடற்கரை மணலை அள்ளிப் போடுவது எளிது, ஆனால் அதிலுள்ள உப்பு சுதையைத் தின்றுவிடும். குழியின் அடியில், துணிக்கு மேல், அந்த ஆண்டு அச்சிட்ட நாணயம் ஒன்றைப் போட்டுவிடுவது பழைய வழக்கம். ஐம்பது ஆண்டு கழித்து வருகிறவர் நாணயத்தைக் கண்டதும், இந்த ஆழம்வரை ஏற்கெனவே ஆள் இறங்கியிருக்கிறான் என்று தெரிந்து, பக்கத்துக் கட்டத்துக்கு நகர்வார்.